கன்ஃபார்ம் அண்ணனும் யாருக்கும் தெரியாத பட்டனும்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு டவுனையே ஏமாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நோர்வூட் பஜாரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் அவருடைய சொந்தப் பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். மழை அதை எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. எங்களுக்கு அவர் கன்ஃபார்ம் அண்ணன்.

"நாளைக்கு வெயில். கன்ஃபார்ம்." மறுநாள் மழைக்காற்றில் குடை திரும்பிக்கொள்ளும்.

"இனிமே ஹட்டன் பஸ் வராது. கன்ஃபார்ம்." அவர் வாயை மூடும் முன்னே ஹட்டன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்கும். அண்ணன் அசரமாட்டார். "இது காலையில வர வேண்டிய பஸ்" என்பார்.

பொய் சொல்கிறவர் மேல் கோபப்பட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. சொல்வதையெல்லாம் தானே முதலில் நம்பிவிடுகிற மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது? எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. நான் நன்றாகவே கோபப்பட்டேன். கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் புது கேம் மெஷின். கையில் வைத்தும் விளையாடலாம், வீட்டுக்கு வந்ததும் ஒரு தாங்கியில் சொருகினால் அதே விளையாட்டு டிவியில் ஓடும். இந்த ரகத்தில் பழையது ஒன்று ஏற்கெனவே உலகமெல்லாம் விற்றது. அதற்கு ஒரு தம்பி வருகிறான் என்று பொங்கல் முடிந்த கையோடு ஜப்பான் கம்பெனிக்காரன் ஒரு குட்டி வீடியோ போட்டான். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு கைப்பிடிகள் டக்கென்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. ஒரு கைப்பிடியில் பெயரே எழுதாத புதுப் பட்டன் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். விலை கிடையாது. எப்போது வரும் என்றால் இந்த வருஷம். எந்த நாட்டுக்கு வரும் என்று கேட்க வேண்டியதே இல்லை, எங்கள் நாட்டுக்கு வராது. இதற்குப் பெயர் அறிவிப்பா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்ப் பைப்பை மூடுவதற்குக்கூட இதைவிட விவரமாகச் சொல்லிவிட்டு மூடுவார்கள்.

கம்பெனி சொல்லாமல் விட்டதையெல்லாம் கன்ஃபார்ம் அண்ணன் சொன்னார்.

அப்போது நானும் என் கூட்டாளி செல்வாவும் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை டியூஷன் விட்டதும் நேரே அவர் கடைதான். வீடியோ வந்த வாரம் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இதை யாருக்காகச் செஞ்சிருக்கான்னு தெரியுமா?"

"யாருக்குண்ணே?"

"லயத்துக்கு."

லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகள். செல்வா சிரித்துவிட்டான். "ஜப்பான்காரன் லயத்தைக் கண்டானா?"

"காணாமலா செஞ்சான்? யோசிடா. லயத்துல வீட்டுக்கு எத்தனை டிவி?"

"ஒண்ணு."

"பொழுது விழுந்தா அது யாரோடது?"

"அம்மாவோடது. சீரியல்."

"அது முடிஞ்சா?"

"அப்பா நியூஸ் போடுவாரு."

"அப்ப நீ என்னா செய்வ? டிவியில இருந்து கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு மூலையில போய்க் குந்திக்குவ. பங்களாக்காரனுக்கு ரூமுக்கு ஒரு டிவி. அவனுக்கு இது எதுக்கு? இது லயத்துச் சாமான். கன்ஃபார்ம்."

அதில் நியாயம் இருந்தது. அவரிடம் உள்ள ஆபத்தே அதுதான். நூறு உளறலுக்கு நடுவே ஒரு நியாயத்தை வைத்துவிடுவார், அதைப் பிடித்துக்கொண்டு நாம் மற்றதிலும் இறங்கிவிடுவோம்.

அந்தப் பெயரில்லாத பட்டன் எதற்கு என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு உடனே தெரிந்துவிட்டது. "அது அம்மா பட்டன். வாசல்ல அம்மா காலடி கேட்டதும் ஒரு அமுக்கு. டிவியில சீரியல் தானா வந்திடும், உன் கேமு கைக்கு வந்திடும்." அடுத்த வாரம் அதுவே கரண்ட் போனால் அமுக்குகிற பட்டனாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் பனி மூடினால் திரையைத் துடைக்கிற பட்டன். மூன்றும் கன்ஃபார்ம்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடை வாசலில் பெரட்டு வைக்கத் தொடங்கினார். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டுதான். டியூஷன் பிள்ளைகள் வரிசையாக நிற்க, அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கங்காணி மாதிரி நடப்பார்.

"செல்வா, இந்த வாரம் ஒனக்கு பேட்டரி மலை. எத்தனை மணி நேரம் நிக்கும்னு தேடிட்டு வா. தங்கச்சி, நீ திரை. ஏய், அங்க பேச்சு என்னா?"

நாங்களும் போனில் டேட்டா இருக்கும் வரைக்கும் இணையத்தில் மேய்ந்து, கிடைத்த வதந்தியையெல்லாம் பறித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வருவோம். அப்போது நிறுவை நடக்கும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று சொல்லி இத்தனை கிலோ கழிப்பார்களே, அதே கழிவு இங்கேயும் உண்டு.

"பழைய கேம் எல்லாம் புதுசுல ஓடுமாம்ணே" என்றேன் ஒரு தடவை. இரண்டு இரவுகள் தேடி எடுத்துக்கொண்டு வந்த செய்தி அது.

அண்ணன் கண்ணை மூடி, கையில் எடை பார்ப்பது போல ஆட்டினார். "பாதி தண்ணி."

"கம்பெனியே சொல்லியிருக்குண்ணே."

"அப்ப முக்கால்வாசி தண்ணி."

எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். தண்ணீர் என்று சொல்லிக் கழிக்கிற ஆட்களைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் அண்ணனை நினைத்து மனசுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டேன். எங்கள் செய்தி ஒவ்வொன்றிலும் தண்ணீர் கண்டுபிடித்த மனிதர், தன் செய்தியில் ஒரு சொட்டுக்கூடக் கழித்ததில்லை.

இந்த இடத்தில் என் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு பழைய கை மெஷின் இருந்தது. டிவியோடெல்லாம் சேராது, கையில் மட்டும்தான். துபாயில் இருக்கும் மாமா கொண்டுவந்து கொடுத்தது. முதுகில் கோயில் திருவிழாவில் வாங்கிய மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அதில் நான் விளையாடியது ஒரே ஒரு விளையாட்டு. நமக்கு ஒரு தோட்டம் கொடுப்பார்கள், உழுது, நட்டு, மாடு வளர்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முதலில் ஆத்திரம். "பகலெல்லாம் நான் மலையில. அந்திக்கு நீயும் மலையிலயா?" பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, கத்தரி நடு, பூசணி நடு என்று சொல்லத் தொடங்கினார். விளையாட்டில் தேயிலைக் கன்றும் விற்பார்கள். அதை நான் தொட்டதும் அம்மாவின் குரல் மாறியது. "எது வேணும்னாலும் நடு. அது மட்டும் இந்தத் தோட்டத்துல வரக் கூடாது." வரவில்லை. ஒரு பழுப்பு மாடு வாங்கினேன். அதற்குச் செவலை என்று பெயர் வைத்தது அம்மாதான். சீரியல் விளம்பரத்துக்கு நடுவே, "செவலைக்குப் புல்லு போட்டியா?" என்று கேட்பார்.

இந்த மெஷினைத்தான் கன்ஃபார்ம் அண்ணன் கேட்டார்.

"கொழும்புல என் ஆளு சொல்லிட்டான். எந்தக் கடையில பழைய மெஷின் சேர்ந்திருக்கோ, அந்தக் கடைக்குத்தான் புதுசோட முதல் பார்சல். நீ பழசைக் குடு. புதுசு வந்ததும் முதல் ஆள் நீ. டிவியில போட்டு அம்மாவுக்குப் பெருசாவே காட்டலாம்."

"உள்ள இருக்கிற தோட்டம்?"

"அப்படியே புதுசுக்கு வந்திடும்."

"மாடு?"

"மாட்டை மட்டும் விட்டுட்டா வரும்? தீபாவளிக்கு உன் கையில. கன்ஃபார்ம்."

செவலையை டிவி அளவுக்கு அம்மாவுக்குக் காட்டலாம் என்று சொன்னாரே, அதில் விழுந்தேன். சித்திரைப் பிறப்புக்கு முதல் வாரம் கொடுத்துவிட்டேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்: "போற எடத்துல புல்லு போடுவாங்களா?"

வெளிநாடுகளில் புது மெஷின் வந்துவிட்டது. கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற படங்களைப் பார்த்தோம். அந்தப் பட்டன் நண்பர்களோடு பேசுவதற்கான பட்டனாம். "இது அவனுங்க நாட்டுக்கு வெச்சது. நம்ம நாட்டுக்கு வர்றதுல வேற இருக்கும்" என்றார் அண்ணன். ஆயுத பூசைக்குக் கடைக்குள் போனால், கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு காலியாகத் துடைத்து வைத்திருந்தது. அந்த வெற்றுத் தட்டுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். வராத மெஷினுக்குப் பூசை போட்டிருக்கிறார். வந்த போன்களெல்லாம் திருத்தாமல் மூலையில் கிடந்தன. அவற்றுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை.

அதோடு எங்கள் பெரட்டுக்கு வேறு மலை கிடைத்துவிட்டது. இப்போது வதந்தி என் மெஷினைப் பற்றி.

"வித்துட்டாராம்" என்றான் செல்வா. "கொத்மலைப் பக்கம் ஒரு பையன் கையில மயில் ஸ்டிக்கர் பார்த்ததா சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்."

இன்னொருத்தி அதை வட்டகொடை ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னாள். பாகம் பாகமாகக் கழற்றி விற்றுவிட்டார் என்றும் கேள்வி. வீட்டில் அம்மா விளம்பரம் வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்புவார், பிறகு ஒன்றும் கேட்காமல் டிவியைப் பார்ப்பார். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தீபாவளி வந்தது, போனது. அடுத்த சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டே கடைக்குள் போனேன். செல்வா பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, புதுசு வேணாம். என் மெஷின் எங்க?"

"பார்சல் ஹார்பர்ல இருக்கு தங்கச்சி..."

"பார்சலைக் கேக்கல. மாடு எங்கண்ணே? எங்கம்மா வாயத் திறந்து கேக்காம ஆறு மாசமா ஒக்காந்திருக்காங்க. நீங்க காலித் தட்டுக்குப் பொட்டு வெக்கிறீங்க. எங்க செய்தியில எல்லாம் தண்ணி கழிச்சீங்களே, உங்க கொழும்பு ஆளு சொன்னதுல எவ்வளவு தண்ணி?"

அண்ணன் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் மயில் ஸ்டிக்கர். பக்கத்தில் கிடந்த சார்ஜர் தொட்டால் சூடாக இருந்தது.

"விக்கலையா?" என்றான் செல்வா. வதந்தி பொய்யானதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"ஏன்டா விக்கிறேன்? அது அவங்க மாடு."

"அப்ப ஏன்ணே திருப்பித் தரல?"

"புதுசு தாறேன்னு சொல்லிட்டு பழசை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீட்டுறது?" கழுத்தில் கிடந்த துவாயால் திரையைத் துடைத்தார். "சார்ஜ் இல்லாமப் போட்டா பேட்டரி செத்திடும்னு தெறந்தேன். மாடு தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிது. பட்டினி போட முடியுமா? தெனம் கடை சாத்துறதுக்கு முன்ன புல்லு போட்டுட்டுத்தான் போவேன்."

எனக்கு அடுத்து கத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சரி, புதுசு எப்பத்தான் வரும்?" என்றேன் சும்மா.

அண்ணன் காலித் தட்டைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கியிருந்தது.

"தெரியாது தங்கச்சி. அந்த ஆளு போனே எடுக்கிறதில்ல."

அந்தக் கடையில் அதற்கு முன்னால் யாரும் கேட்டிராத வார்த்தை, 'தெரியாது'. செல்வா மெதுவாகக் கையை நீட்டி, எடை பார்ப்பது போல ஆட்டினான்.

"இதுல தண்ணியே இல்லண்ணே" என்றான். அண்ணன் சிரித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா மடியில் மெஷினை வைத்தேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா டிவியைப் பார்க்கவில்லை. "செவலை பெருத்துட்டா" என்றார். பூசணி காய்த்திருந்தது. வேலி புதுசாக இருந்தது. பிறகு அம்மாவின் விரல் திரையில் ஒரு மூலைக்குப் போய் நின்றது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு தேயிலைக் கன்று.

"யாரு இந்த வேலையைப் பார்த்தது?"

உடனே கடைக்குப் போன் அடித்தேன். "அண்ணே, என் தோட்டத்துல என்ன நட்டு வெச்சிருக்கீங்க?"

"சும்மா கெடந்த எடம்தானே தங்கச்சி. தேயிலை இல்லாம அது என்னா தோட்டம்?"

"அவன் ஒரு நாள் கூடை மாட்டிக்கிட்டு மலைக்குப் போயிருந்தா இத நட்டிருப்பானா?" என்று அம்மா அந்தப் பக்கம் கேட்கும்படியே சொன்னார். "புடுங்கிப் போடு."

இப்போது நான் கண்டியில் தங்கிப் படிக்கிறேன், மெஷினும் என்னோடுதான். கம்பெனிக்காரன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று அண்ணன் வாரா வாரம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார், எல்லாம் கன்ஃபார்ம். அம்மா போன் எடுத்தால் முதலில் செவலையைக் கேட்பார், அடுத்து அந்தத் தேயிலைக் கன்றைப் பிடுங்கியாச்சா என்று கேட்பார்.

"நாளைக்குப் புடுங்கிடுறேன்மா. கன்ஃபார்ம்" என்கிறேன். போனை வைத்துவிட்டு, அந்த நாலுக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.