இடக் கன்னம் பரிசீலனையில்

எஃகு எத்தனையோ பேரரசுகளை எழுப்பியிருக்கிறது, கவிழ்த்தும் இருக்கிறது. ஆனால் ஒரு குமாஸ்தாவின் இடக் கன்னத்தை அந்தரத்தில் நிறுத்தி, அதன் வழியாக ஓர் ஊரின் நிர்வாகத்தையே உயர்த்திய பெருமை எங்கள் தெருமுனைச் சலூனின் எஃகுக்கு மட்டுமே உண்டு. சரித்திர ஆசிரியர்கள் இதைக் குறித்துவைக்காதது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

குமாஸ்தா குடிநீர் அலுவலகத்துக்காரர். அன்று பதினொரு மணிக்கு அவருக்குப் பதவி உயர்வு நேர்முகம். ஏற்கெனவே மூன்று முறை கோட்டைவிட்டவர். அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த மைத்துனர் மேலாளராகி, கார் வாங்கி, போகிற வழியில் இவரை இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. இந்த முறையாவது பளிச்சென்று போய் நிற்போம் என்று காலையிலேயே சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

சலூன்காரரை எல்லாரும் 'பேராசிரியர்' என்பார்கள். செல்போனில் வீடியோ பார்த்தே உலோகவியலைக் கரைத்துக் குடித்தவர். ஆலையில் செய்த பிளேடுகளைத் 'தார்மீகக் காரணங்களுக்காக' குப்பையில் கொட்டிவிட்டு, சவரக்கத்தியைத் தாமே செய்துகொள்ளும் உயர்நிலையை எட்டியிருந்தார். அந்தக் கைவினைக் கத்தி குமாஸ்தாவின் வலக் கன்னத்தை ஒருவழியாகக் கடந்தது. மோவாயைச் சுற்றி இடக் கன்னத்துக்குத் திரும்பியதும் நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றார் குமாஸ்தா, நுரைக்குள்ளிருந்து.

பேராசிரியர் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கூர் மடங்கிடுச்சு சார். ஸ்டீலுக்கும் எனக்கும் சின்ன கருத்து வேறுபாடு."

"எவர்சில்வர்தானே? நல்லாத்தானே உழைக்கும்?"

"எவர்சில்வர்னு சொல்லாதீங்க, மனசு வலிக்குது. அது டம்ளர் செய்யற ஸ்டீல். அதை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. சூடு உண்டு, சொரணை கிடையாது."

"அப்ப இந்தக் கத்தி?"

"சாப்பாட்டுத் தட்டுல வெட்டினது" என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். "ஆனா அடுத்தது ஒரிஜினல். துருவும் பிடிக்காது, கார்பனும் ஜாஸ்தி. வெட்டி வடிவம் பண்ணி வெச்சிருக்கேன். காய்ச்சி இறுக்கிப் பதம் ஏத்தணும், அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்ற சொல்லின் ஆழம் குமாஸ்தாவுக்கு அப்போது தெரியவில்லை.

பின்னறையில் மின்சார உலை உறுமியது. தகடு சுற்றிய கத்தி உள்ளே போய், ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்து, இரண்டு தடித்த அலுமினியப் பாளங்களுக்கு நடுவில் படுத்தது.

"சார், இது மேல ஏறி நில்லுங்க. வளையாம ஆறணும். உங்க வெயிட் சரியா இருக்கும்."

கழுத்தில் துணியும் அரை முகத்தில் நுரையுமாகக் குமாஸ்தா ஏறி நின்றார். அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"நின்னுகிட்டிருக்கேன்."

"வரிசையிலயா?"

"அலுமினியத்துல."

"என்ன உளர்றீங்க? இந்தத் தடவையும் கோட்டைவிட்டீங்கன்னா, இனிமே என் தம்பி கார்ல நீங்க டிக்கியிலதான் வரணும், சொல்லிட்டேன்."

கத்தி அடுத்து, இன்னும் இறுகட்டும் என்று, பக்கத்துப் பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போய் உறைந்தது. பிறகு அதே பேக்கரி அடுப்பில் பன்களோடு சேர்ந்து உட்கார்ந்தது.

"ரொட்டி வேகற சூட்டுல ரெண்டு மணி நேரம். ஆறவிட்டு, மறுபடி ரெண்டு மணி நேரம்" என்றார் பேராசிரியர்.

"பதினோரு மணிக்கு இன்டர்வியூங்க! இப்படியே மழிச்சு விட்டுடுங்களேன்."

"பதம் இறக்காமலா? இப்ப அது கண்ணாடி மாதிரி. சில்லு சில்லா உடைஞ்சு கன்னத்தைப் பதம் பாத்துடும். உங்களுக்குத் தரம் முக்கியமா, இன்டர்வியூ முக்கியமா?"

"இன்டர்வியூதான்!"

"இப்படி யோசிக்கிறதாலதான் சார் நாடு முன்னேற மாட்டேங்குது."

குமாஸ்தா அடுத்த தெருச் சலூனுக்கு ஓடினார். ஒருவர் ஆரம்பித்த முகத்தை இன்னொருவர் தொடுவது தொழில் தர்மம் இல்லையென்று அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து வருட உழைப்பு ஒற்றைக் கன்னத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல், அப்படியே நேர்முகத்துக்குப் போனார்.

மூன்று அதிகாரிகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னய்யா இது, ஒரு பக்கம் மட்டும்?"

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் குமாஸ்தா வாயைத் திறந்தார். ஆனால் பத்து வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வலப்பக்கம் நிறைவேற்றப்பட்டது சார். இடப்பக்கம் பரிசீலனையில இருக்கு. தகுந்த எஃகு தேர்ந்தெடுத்து, பதம் ஏத்தி, பதம் இறக்கி, அதுக்கப்புறம்தான். அவசரப்பட்டா தரம் கெட்டுடும்."

"எப்ப முடியும்?" என்றார் தலைவர்.

"தேதி சொல்றது முறையா இருக்காது சார்."

மூவரும் எழுந்து நின்றார்கள். தலைவரின் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நாளா எங்கய்யா இருந்தீங்க?"

"மூணாவது மாடியிலதான் சார்."

அன்று மாலையே அவர் புதிய குழாய்த் திட்டத்தின் அதிகாரியானார். எங்கள் தெருவின் வலப்பக்கத்துக்கு முன்னமே தண்ணீர் வந்திருந்தது. இடப்பக்கத்துக்கு எந்த ரக எஃகு என்று அவருடைய மேற்பார்வையில் ஆய்வு நடக்கிறது. அதுவரை இடப்பக்கத்தார் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நிற்கிறோம். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் பொறுப்பேற்ற பிறகு போட்ட குழாய்களில் ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. போட்டால்தானே பிடிக்கும்!