மூலைகள் மழுங்கிய திங்கட்கிழமை

மனித குலம் இதுவரை பட்ட வலிகளிலேயே நாகரிகம் மிக்கது கழுத்து வலிதான். இடுப்பு வலி சுமக்கிறவனுக்கு வரும். கால் வலி நிற்கிறவனுக்கு வரும். பசிக்கு ஆள் வித்தியாசமே கிடையாது. கழுத்து வலி அப்படிக் கண்ட இடத்துக்கும் போகாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையை அண்ணாந்து பார்க்கும் பேறு பெற்றவர்களை மட்டுமே தேடி வரும்.

அந்தப் பேறு குடோன் பதிவெழுத்தருக்கு ஆறு வருடத்துக்கு முன் கிடைத்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் அவள் அதே குடோனில் பெட்டி சுமந்தவள். ஒருநாள் வலது தோள்மூட்டு கழன்று தொங்கியதும், கம்பெனி பெருந்தன்மையோடு அவளை நாற்காலிக்கு "உயர்த்தியது". லோடுமேன்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவருக்கும் அக்காதான். விடுப்பு பதிகிற கை அவளுடையது அல்லவா.

அந்தத் திங்கட்கிழமை காலை கழுத்து வலி புதிய சிகரத்தைத் தொட்டது. கம்ப்யூட்டர் முகம் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆளில்லாத அறையில், அது தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறது. இப்படி யாரும் சொல்லாமல் தன்னைத் திருத்திக்கொண்டவர்களை மனிதர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இடது மூலையில் இருந்த பொத்தான்களெல்லாம் நடுவில் வந்து, வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள்போல ஒட்டிக்கொண்டு நின்றன. எழுத்துகளைக் காணோம். எழுத்து இருந்த இடமெல்லாம் படம். சதுரமாக இருந்ததெல்லாம் மூலை மழுங்கி, சப்பிப்போட்ட மிட்டாய்போல வழவழவென்று இருந்தது. நடுவில் ஒரு வாசகம்: "வணக்கம். உங்களுக்காகவே எல்லாம் மாற்றப்பட்டுள்ளது."

அக்கா கம்ப்யூட்டரைக் கற்றது இடத்தை வைத்துத்தான். காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, திரையின் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருந்தாள். வலது பக்கம் "வரவு". மேலே "அச்சு". இடது கீழ் மூலையில் "விடுப்பு". பிளாஸ்திரிக்கு நேராக அம்பைக் கொண்டுபோய் அழுத்தினால் வேலை முடிந்தது. ஆறு வருடம் ஒரு பிசகு இல்லை.

இன்றைக்கு "விடுப்பு" பிளாஸ்திரிக்கு நேராக ஒரு சூரியன் இருந்தது. அழுத்தினாள்.

"பகலில் ஓரளவு மேகமூட்டம்" என்றது கம்ப்யூட்டர்.

"என்ன சொல்லுது அக்கா?" என்று வாசலில் நின்ற கிரேன் கேட்டான்.

கிரேன் என்பது அவன் பட்டப்பெயர். கம்பெனி பத்து வருடமாக ஒரு கிரேன் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது வரும்வரை அதன் வேலையை இவன் பார்க்கிறான். சனிக்கிழமை இயந்திர உதிரிபாகப் பெட்டி ஒன்றைத் தோளில் ஏற்றும்போது, மூலையில் அடித்திருந்த தகரப்பட்டை பிளந்து சதைக்குள் இறங்கிவிட்டது. ஏழு தையல். பதினோரு நாள் ஓய்வு என்று டாக்டர் சீட்டு எழுதித் தந்திருந்தார். கம்பெனி விதி தெளிவானது: சீட்டு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏறினால் அது ஓய்வு. ஏறாவிட்டால் அது காகிதம். ஆள் பெட்டி தூக்க வேண்டும்.

"மேகமூட்டமாம்" என்றாள் அக்கா.

"எனக்கா?"

"ஊருக்கே."

பின்னால் நின்ற வக்கீல் குரல் கொடுத்தான். அவனும் லோடுமேன்தான்; எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் அந்தப் பெயர். "மச்சான், உன் தோளு கிழிஞ்சது வானிலை வரைக்கும் போயிடுச்சு பாரு."

அன்று மதியமே தலைமையகத்திலிருந்து "பயனர் அனுபவ அதிகாரி" வந்து இறங்கினார். இப்படி ஒரு பதவி இருப்பதே குடோனுக்கு அன்றுதான் தெரியும். இருபது வருட அனுபவம் உள்ளவர்களைச் சுவரோரமாக நிற்கவைத்து, அனுபவம் என்றால் என்னவென்று முக்கால் மணி நேரம் விளக்கினார்.

"பழைய தோற்றத்துல நீங்க எல்லாத்தையும் படிக்க வேண்டியிருந்தது. புதுசுல படிக்கவே வேணாம். பார்த்தாலே புரியும். யாரும் கத்துக்குடுக்க வேண்டியதில்ல."

"அப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்க சார்?" என்றான் வக்கீல்.

"கத்துக்க வேண்டியதில்லைங்கறதக் கத்துக்குடுக்க."

வக்கீல் அந்தப் பதிலைப் பின்னால் உதவுமென்று மனப்பாடம் செய்துகொண்டான்.

"எனக்குப் புரியல சார், விடுப்பு எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

"அப்படிக் கேக்கக் கூடாது மேடம். 'நான் எங்கே தேடினால் அது கிடைக்க விரும்பும்?' அப்படிக் கேக்கணும். புரியலைன்னு தோணுறது மாற்றத்துக்கான எதிர்ப்பு. அஞ்சு நிலை இருக்கு. நீங்க ரெண்டாவதுல இருக்கீங்க. கோபம்."

"முதல் நிலை என்ன சார்?"

"அதிர்ச்சி. அதைக் காலையிலேயே தாண்டிட்டீங்க. பாராட்டுகள்."

பிறகு மூலைகளைப் பற்றிப் பேசினார். கைகூப்பாத குறை. இந்தத் தோற்றத்தைச் செய்தவர்கள் நூற்றிருபது பேராம். இரண்டு வருடம் ஆராய்ச்சியாம். கூர்மையான மூலைகள் பார்க்கிறவர் மனத்தை மெல்ல உறுத்துகின்றன என்று கண்டறிந்து, ஒவ்வொரு மூலையையும் அன்போடு மழுக்கியிருக்கிறார்களாம்.

கிரேன் கையைத் தூக்கினான். இடது கை. வலது மேலே போகவில்லை.

"உறுத்துச்சுன்னா, யாருக்காவது தையல் போட்டாங்களா சார்?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல. ஒரு மாதிரி அசௌகரியம்."

"எனக்கு ஏழு தையல். அந்த நூத்தி இருபது பேர்ல ஒரு நாலு பேரை அனுப்புங்க சார், பெட்டி மூலையையும் கொஞ்சம் மழுக்கிக் குடுத்துட்டுப் போகட்டும்."

அதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். யோசித்தார். திரும்பப் பையில் வைத்தார். "பெட்டி... அது வேற துறை."

ஒரு படத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனார். நட்சத்திரம். கூட்டம் பிடித்திருந்தால் அதை அழுத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒருவழியாக விடுப்புப் பக்கத்தைப் பிடித்துவிட்டாள். கிரேன் பெயரும் பதினோரு நாளும் டாக்டர் சீட்டின் நகலும் ஏறி நின்றன. இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அடியில் வரிசையாக ஐந்து படங்கள் இருந்தன. எது அனுப்பும் என்று எழுதியிருக்கவில்லை.

இங்கேதான் குடோனின் மேதைமை வெளிப்பட்டது. படம் பார்த்து வேலை செய்வது அவர்களுக்குப் புதிதா என்ன. எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிற பெட்டிகளில் இருக்கும் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. மேலே அச்சடித்த படங்களைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். குடை போட்டிருந்தால் நனையக் கூடாது. கோப்பை போட்டிருந்தால் உடையும். அம்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே. இதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. லோடுமேன்கள் ஆறு பேரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரையைச் சுற்றி நின்றார்கள்.

"முதல் படம் மேகம். மழையில வைக்காதேன்னு அர்த்தம். தொடாத அக்கா" என்றான் வக்கீல்.

"ரெண்டாவது?"

"மேல் அம்பு. இந்தப் பக்கம் மேல. கம்ப்யூட்டர் நேராத்தானே இருக்கு? சரி, விட்டுடு."

"மூணாவது குப்பைக்கூடை" என்றாள் அக்கா.

"அது நமக்கே தெரியும்."

"நாலாவது, காகிதத்துல செஞ்ச விமானம்."

"விமானச் சரக்கு" என்றான் வக்கீல் அடித்துச் சொல்கிறவனாக. "நம்மளது லாரிச் சரக்கு. வேற செக்‌ஷன். அஞ்சாவதப் பாரு. பெட்டி. பெட்டிக்குள்ள கீழ் அம்பு. இதைவிடத் தெளிவா ஒருத்தன் சொல்ல முடியுமா? இறக்கியாச்சு, எண்ணியாச்சு, வாங்கிக்கிட்டாச்சு. அழுத்து அக்கா."

ஆறு பேரும் தலையாட்டினார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் பட்டது. பதினான்கு வருடம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவளும் பெட்டி இறக்கியிருக்கிறாள். அழுத்தினாள்.

திரையில் பச்சை நிறத்தில் சரி என்று ஒரு குறி வந்தது. வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. "அருமை. முடித்துவிட்டீர்கள்" என்று எழுதியது. கிரேன் தன் துண்டை உதறி இடது தோளில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை முதல் பதினோரு நாள் எப்படிப் படுப்பது என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்குப் போனான். மல்லாந்து படுக்க முடியாது. வலது பக்கம் முடியாது. இடது பக்கம் படுத்தால் சுவரைப் பார்க்க வேண்டும், பரவாயில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் கைப்பேசிக்குச் செய்தி போயிற்று. எட்டரைக்கு அதை நீட்டியபடி அக்கா முன் வந்து நின்றான்.

"உங்கள் பதினோரு நாள் ஓய்வு இனிதே நிறைவடைந்தது. புத்துணர்ச்சியோடு பணிக்குத் திரும்பும் உங்களை வரவேற்கிறோம். ஓய்வு எப்படி இருந்தது? நட்சத்திரமிடுங்கள்."

"எப்ப அக்கா எடுத்தேன்?" என்றான் கிரேன். உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆவலோடு கேட்டான்.

அக்கா தலைமையகத்துக்குப் போன் போட்டாள். அனுபவ அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், அந்தப் பெட்டிப் படம் முடிஞ்சு போனதக் கட்டி உள்ள வைக்கறது. அனுப்பறது விமானம்."

"லாரி குடோன்ல விமானம் எதுக்கு சார்?"

"அது ஒரு உருவகம்."

"சரி சார், தப்பு என்னுது. திருப்பி எடுத்துக் குடுங்க."

"அதுல பாருங்க, புதுத் தோற்றத்துல பின்னோக்கி அம்பு கிடையாது. ஆராய்ச்சியில என்ன சொல்றாங்கன்னா, பின்னால போற வசதி இருந்தா மக்கள் பின்னால போயிடறாங்க."

"அவன் ஒரு நாள்கூடப் படுக்கலையே சார்."

"பதிவுல படுத்திருக்காரே மேடம். முடிஞ்சதுன்னு இருந்தா எடுத்ததுன்னுதான் கணக்கு. அதே சீட்டை மறுபடி ஏத்தினா சிஸ்டம் வாங்காது. சிஸ்டத்தை விட நமக்கு என்ன தெரியும்?"

"தோளு தெரியும் சார்."

"நீங்க மூணாவது நிலைக்கு வந்துட்டீங்க. பேரம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். அக்கா மேலாளரிடம் போனாள். மேலாளர் தன் கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் எங்கே போயிற்று என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் கேட்டுச் சொல்வதாக வாக்களித்தார்.

லாரி வந்து நின்றது. கிரேன் எழுந்தான். வக்கீல் அவன் நெஞ்சில் கை வைத்து ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தான்.

"உக்காரு மச்சான். பதிவுல நீ படுத்தேன்னா, நெசத்துல உக்காந்துக்கோ. உன் பெட்டியை நாங்க தூக்கறோம். நீ 'ஏலே, பாத்து'ன்னு மட்டும் சொல்லு. பெரிய ஆபீசருங்க வேலையே அதான்."

"தப்பா படம் படிச்சவன் நீதானேடா."

"அதுக்குத்தான் ரெண்டு பெட்டி சேத்துத் தூக்கறேன்."

கிரேன் நாள் முழுக்க உட்கார்ந்து "பாத்து" என்று சொன்னான். அதற்கே மாலையில் தோள் வலித்தது என்று வேறு சொன்னான். ஆறு பேர் சுமையை ஐந்து பேர் சுமந்ததில் ஐந்து இடுப்புகள் போயின. கம்ப்யூட்டர் மட்டும் பத்து நிமிடம் யாரும் தொடாததால், யாரிடமும் சீட்டு கேட்காமல், தானாகத் தூங்கப் போயிருந்தது.

அந்தக் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. வரவேண்டிய சரக்கில் ஏதாவது வராமல் போனால், பெரிய இரும்புக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். சரக்கு வந்து சேரும்வரை அதை யாரும் அழிக்கக் கூடாது. மேலாளரும் தொட மாட்டார். மூன்று வருடத்துக்கு முன் வராத ஒரு பம்பு இன்னும் கதவில் இருக்கிறது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அக்கா எழுந்து, திரைச் சட்டத்தில் இருந்த பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்துக் குப்பையில் போட்டாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

வியாழக்கிழமை அனுபவ அதிகாரி சான்றிதழோடு வந்தார். புதிய தோற்றத்தை முழுமனதோடு தழுவிய முதல் கிளை இந்தக் குடோன்தானாம். பதினோரு நாள் ஓய்வை ஒரே நொடியில் நிறைவு செய்த செயல்திறன் வேறு எந்தக் கிளையிலும் பதிவாகவில்லையாம். சான்றிதழின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டியிருந்தார்கள். கை கீறாது.

படம் எடுக்க இரும்புக் கதவுப் பக்கம்தான் வெளிச்சம் இருந்தது. கிரேனை நடுவில் நிறுத்தி, சான்றிதழை அவன் இடது கையில் கொடுத்துவிட்டு, அதிகாரி கைப்பேசியைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கினார்.

"பின்னால ஏதோ கிறுக்கியிருக்கு. அதைக் கொஞ்சம் துடைச்சிடுங்க மேடம்."

"அது துடைக்கறதில்ல சார். வராத சரக்கு. வந்ததும் நானே அழிச்சிடறேன்."

"என்ன சரக்கு?"

அக்கா கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஒதுங்கி நின்றாள். இந்த முறை படம் எதுவும் போடவில்லை. பெரிய எழுத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள்:

"கம்பெனி, கிரேனுக்குத் தர வேண்டியது: பதினோரு நாள் ஓய்வு. இன்றுவரை வந்தது: ஒன்றுமில்லை."