சப்பாத்துக்கு வாலாட்டிய சீசர்

சொந்த வீட்டுக்குள் நுழைவதற்காக என் அப்பா சப்பாத்து மாட்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அதுவும் தம்பி பாடசாலைக்குப் போட்டுக் கழித்த, முன்பக்கம் வாய் பிளந்த சப்பாத்து. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து களைத்து வருகிற மனிதர், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மூலையில் நின்று பையிலிருந்து அதை எடுத்துப் போட்டு, நாடாவைக் கட்டி, ஏதோ விசாரணைக்கு வந்த அதிகாரி மாதிரி நிமிர்ந்து நடந்து வருவார். எல்லாம் என்னால் வந்த வினை. நான் ஒரு நாய் வளர்க்க ஆசைப்பட்டேன்.

அப்போது அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணினியில் தட்டுகிற வேலை எனக்கு. உதவி மேனேஜரான சின்னத்துரை மாற்றலாகிப் போகும்போது, பங்களாவில் தான் வளர்த்த நாயை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீசில் இருந்த எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். (விவரம் தெரிந்தவர்கள்.) நான் மட்டும் கையைத் தூக்கினேன். பெயர் சீசர், ஜாதி அல்சேஷன் என்றார் அவர். பாதிதான் அல்சேஷன், மறுபாதி தலவாக்கலை பஸ் நிலையம் என்பது என் கணிப்பு. ஆனால் அது என்னைக் கண்டதும் ஓடிவந்து வாலை ஆட்டி, காலடியில் படுத்து, என் சப்பாத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போன ஜென்மத்துத் தொடர்பு என்று முடிவு செய்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அன்று சாயந்தரமே உண்மை தெரிந்தது. கொழுந்து பறித்துவிட்டுச் செருப்புக் காலோடு வந்த அம்மாவை அது வாசலிலேயே மறித்தது. பின்னால் வந்த அப்பாவையும் மறித்தது. பக்கத்து வீட்டு அக்கா, எதிர் லயத்து மாமா என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவரையும் விடவில்லை. ஆனால் வரி கேட்டு வந்த கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் பளபளவென்று சப்பாத்துப் போட்டிருந்தார். அவருக்கு மட்டும் ராஜ மரியாதை. பங்களாவில் அது படித்த பாடம் அப்படி. முன்வாசல் வழியாகச் சப்பாத்தோடு வருகிறவர் விருந்தாளி. வெறுங்காலோடும் செருப்போடும் பின்பக்கமாக வருகிறவர்களைக் குரைத்து விரட்ட வேண்டும். அது அல்லவா படிப்பு. எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாடத்தின்படி அந்நியர்கள்.

"ஏன்டி, நான் வாழுற வீட்டுக்குள்ள வர நான் நாய்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சப்பாத்துக்காரர்கள் ஆனோம். அம்மா மழைக்காலத்து பூட்ஸோடு அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டார். அப்பா சப்பாத்துக் காலோடு சம்மணம் போடப் பழகினார். சாமி படத்துக்கு விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் அவற்றைக் கழற்றியாக வேண்டும். அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை நான் சீசரின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் வீட்டுப் பூசையில் மணியோசைக்குப் பதில் உறுமல்.

வளர்ப்பது என்றால் இது மட்டுமா? ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, யாருக்கோ வைத்ததை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாய் என்பதுபோல் என்னைப் பார்க்கும். முட்டை கலந்தால்தான் வாய் திறக்கும். அந்தக் குளிரில் அதைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்க வேண்டும். (அப்பாவுக்கு வெந்நீர் கிடைத்தது தீபாவளிக்குத்தான்.) மேல்மலைக் காட்டிலிருந்து சிறுத்தை இறங்கி வந்தால் முதலில் நாயைத்தான் தூக்கும் என்பதால், அது படுப்பது வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்துக் கதகதப்பில். அது அதுவரை அப்பா படுத்த இடம். உண்ணி பொறுக்குவது, ஊசி போடக் கூட்டிப்போவது, அது பிய்த்த அடுத்த வீட்டுப் பாய்க்கு மன்னிப்புக் கேட்பது எல்லாம் என் கணக்கில்.

அப்படியானால் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆபீஸ் முடிந்து நான் வரும்போது பனி இறங்கி முன்னால் இருக்கிற தேயிலைச் செடிகூடத் தெரியாது. அந்தப் பாதையில் தனியாக நடப்பதற்கு எனக்கு எப்போதும் பயம். சீசர் வந்த பிறகு, வளைவில் ஒரு ஈர மூக்கு என் கையைத் தேடி வந்து முட்டும். அந்த ஒரு முட்டலுக்காக நான் இன்னும் பத்து லயத்திடம் மன்னிப்புக் கேட்பேன்.

இந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுதாகர், ராகலைக்காரர், நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தூரத்துச் சொந்தம் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம் என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். உண்மையில் நானும் அவரும் ஏற்கெனவே போனில் பேசிப் பேசி முடிவெடுத்து, அந்தத் தூரத்துச் சொந்தத்தைக் கையில் காலில் விழுந்து சம்மதிக்க வைத்திருந்தோம். இது தெரிந்தால் கல்யாணம் நடக்காது. காரணம் சுதாகரின் பெரியப்பா. அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சுதாகருக்கு முன்பு பார்த்த ஒரு பெண்ணைத் தேநீரில் சீனி கூடிப்போனது என்றும், இன்னொரு பெண்ணை வீட்டுக்கு ஏறும் படி வழுக்குகிறது என்றும் வேண்டாம் என்றவர். காதல் என்ற சொல் காதில் விழுந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். சுதாகரை விட்டால் வேறு யாரையும் கட்டுவதில்லை என்று நான் இருந்தேன். ஆகவே அந்த ஒரு நாள் ஒழுங்காகக் கழிய வேண்டும்.

சீசரை என்ன செய்வது என்று வீட்டில் மாநாடு நடந்தது. கட்டிப்போடலாம் என்றார் அப்பா. கட்டிப்போட்டால் ஊளையிடும், பெண் பார்க்க வந்த இடத்தில் நாய் ஊளையிட்டால் அதைவிட அபசகுனம் வேண்டுமா என்றார் அம்மா. வேறு வீட்டில் விடலாம் என்றால் லயத்தில் ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் என் மூளையில்தான் அந்த யோசனை உதித்தது. (என் மூளை அந்தக் காலத்தில் அப்படித்தான்.) சுதாகருக்குப் போன் செய்து, வழியெல்லாம் அட்டை, காலைக் கடித்து ரத்தம் குடித்துவிடும், எல்லோரும் கட்டாயம் சப்பாத்துப் போட்டு வாருங்கள் என்றேன். சீசரின் படங்களை அவருக்கு நிறைய அனுப்பியிருந்தேன். அதன் குணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. மாப்பிள்ளையிடம் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

சொன்னபடியே வந்தார்கள். பெரியப்பா யாரிடமோ இரவல் வாங்கிய தோல் சப்பாத்து, நடக்கும்போது கீச்சிட்டது. சுதாகர் புதுச் சப்பாத்து. அவருடைய அம்மா, பட்டுச் சேலைக்குக் கீழே மகளுடைய வலைப்பந்துச் சப்பாத்து. சீசர் படி இறங்கிப் போய் ஒவ்வொருவரையும் வாலாட்டி வரவேற்று அழைத்துவந்தது. நாயைப் பார்த்தாலே வீட்டு வளர்ப்பு தெரிகிறதே என்று பெரியப்பா பாராட்டியதை அடுப்படியிலிருந்து கேட்டு நான் பூரித்துப்போனேன். தேநீரில் சீனியை அளந்து போட்டேன்.

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், ஒன்றைத் தவிர. மரியாதை தெரிந்த நம் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் என்ன செய்வார்கள்?

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறியதும் மூன்று பேரும் குனிந்தார்கள். அப்பா பதறிப்போய், கழற்ற வேண்டாம், அப்படியே வாருங்கள் என்று கெஞ்சினார். பெரியப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

"சாமி படம் இருக்கிற வீட்டுக்குள்ள சப்பாத்தோட வர நாங்க என்ன மரியாதை தெரியாதவங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

சீசர் அந்தக் காலுறைகளைப் பார்த்தது. பெரியவரின் முகத்தைப் பார்த்தது. ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று அதற்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். அந்த வயதில் பெரியப்பாவால் அவ்வளவு உயரம் பாய முடியும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். ஒரே தாவலில் உள்ளே வந்து, பலகாரம் பரப்பியிருந்த மேசைமேல் ஏறி, வாழைப்பழச் சீப்புக்கும் லட்டுத் தட்டுக்கும் நடுவில் குந்திவிட்டார். சுதாகர் ஒரு சப்பாத்தைக் கழற்றி ஒன்றைக் கழற்றாமல் நின்றார். சீசர் அவருடைய ஒரு காலுக்கு வாலாட்டி மறு காலுக்கு உறுமியது. நான் தேநீர்த் தட்டை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடிவந்து கழுத்துப்பட்டியைப் பிடித்தேன். அது என்னைப் பட்டுச் சேலையோடு இஸ்தோப்பு முழுக்க இழுத்துப் போனது. தலையைக் குனிந்து மெல்ல நடந்து வர வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்த நடை அப்படி முடிந்தது. லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சுதாகர் வாய் தவறி, "சீசர், சும்மா இரு" என்றார்.

சீசர் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய அம்மாவும் திரும்பிப் பார்த்தார். வலைப்பந்துச் சப்பாத்தின் நாடா முடிச்சு அவிழாததால் அவர் மட்டும் சப்பாத்தோடு, பதற்றமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நாயோட பேரு உனக்கு எப்படிடா தெரியும்?"

அதுவரை ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சுதாகர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும். வேறு சாட்சி தேவைப்படவில்லை. என் கை தளர்ந்தது. சீசர் பாய்ந்து பெரியப்பாவின் சப்பாத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் மேசைக்கு அடியில் படுத்தது.

"ஓஹோ, அப்ப இது காதல் வெவகாரம்" என்று பெரியப்பா மேசைமேலிருந்து ஆரம்பித்தார். "எந்திரிங்க எல்லாரும், இந்தச் சம்பந்தம்..."

கீழேயிருந்து ஓர் உறுமல் வந்தது. இறக்கிய காலை மேலே இழுத்துக்கொண்டார். மறுபடி வாய் திறந்தார். மறுபடி உறுமல். இப்படி நாலைந்து முறை நடந்த பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த வாழைப்பழத்தை வெறித்துப் பார்த்தபடி இருந்தார்.

சுதாகரின் அம்மா அவரையும் பார்த்தார், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணவர் போன நாளிலிருந்து அந்த வீட்டில் குக்கர் வாங்குவதற்குக்கூடப் பெரியப்பாதான் முடிவு சொல்வாராம். அவர் இருக்கும் இடத்தில் தன் குரலைத் தானே கேட்டது அன்றுதான் முதல்தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். நான் கலைந்த தலையோடும் கிழிந்த சேலை ஓரத்தோடும் போய் நின்றேன்.

"உனக்கு இவனப் புடிச்சிருக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து முடியவில்லை. "புடிச்சிருக்குங்க" என்றேன்.

"அப்பச் சரி. தட்ட மாத்திக்கலாம்."

மேசைமேலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அதைவிடப் பெரிய சத்தம் கீழேயிருந்து வந்தது. எல்லோரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டோம். பெரியப்பாவுக்கு அப்பாவின் வாய் பிளந்த சப்பாத்தைக் கொடுத்துத்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது.

புறப்படும்போது சுதாகரின் அம்மா, ஒன்று கேட்க வேண்டும் என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நேரம் பேசாத சீதனப் பேச்சு இப்போது வருகிறது என்று நினைத்துவிட்டார் பாவம்.

"எங்களுக்கு வேற ஒன்னும் வேணாங்க. இந்த நாய மட்டும் அனுப்பி வச்சிருங்க."

"அப்ப பொண்ணு?" என்றார் அப்பா.

"நாயப் பாத்துக்க ஆள் வேணாமா? பொண்ணும் வரட்டும்."

சொன்ன சொல் தவறவில்லை. கல்யாணம் முடிந்து ராகலைக்கு நாங்கள் போன வேனில் சன்னலோரம் சீசருக்கு, நடுவில் எனக்கு. இன்றைக்கும் வெந்நீர் வைப்பதும் உண்ணி பொறுக்குவதும் த்ரீவீலில் மடியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதும் நான்தான். வீட்டில் அது காலடியில் படுத்துக் காவல் காப்பது அத்தைக்கு. (பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன்.) பெரியப்பா வருவதென்றால் முதலில் போன் செய்து கேட்டுக்கொள்கிறார், வந்தாலும் நாற்காலி நுனியில் சப்பாத்தோடு உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அத்தை முதலில் நாயின் தலையைத் தடவி, "இது எங்க சீசர்" என்பார். வந்தவர்கள் அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

"இவளா? இவ சீசருக்குச் சீதனமா வந்தவ."