அரண்மனைச் சுவரில் ஒரு சிவப்புத் துணி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். உப்பு விற்ற ஒரு நாட்டையும், அங்கே மலைக் கணவாயில் கடை வைத்திருந்த சிலம்பாயியையும் பற்றிச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், அழவைக்கிற கதை இல்லை.

அளத்தூர் நாட்டில் உப்பை அரசே விற்றது. மொத்தம் நானூறு கடைகள். எந்தக் கடையில் வியாபாரம் எப்படி என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று மன்னர் பெருநோக்கருக்கு ஆசை வந்தது. அமைச்சர் தொகையார் அரண்மனைச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் துணிகளைத் தொங்கவிட்டார். மாதாமாதம் ஒவ்வொரு கடையும் ஒரு துணி அனுப்ப வேண்டும். சொன்ன இலக்கு அளவுக்கு விற்றிருந்தால் பச்சை, விற்காவிட்டால் சிவப்பு. கடைத் துணிகளை மறைத்து வட்டத்தின் துணி, வட்டங்களை மறைத்து மாகாணத்தின் துணி, எல்லாவற்றையும் மூடி நாடு முழுவதற்கும் ஒரே பெரிய துணி. கீழே பாதிக்கு மேல் பச்சை என்றால் மேலேயும் பச்சை. மன்னர் பெரிய துணியைப் பார்த்தால் போதும்.

சிலம்பாயி முதல் மாதமே சிவப்பு அனுப்பினாள். கடைக்கூரை ஓட்டை, மழையில் பாதி மூட்டை கரைந்து ஓடிவிட்டது. அவளை நம்பி மூன்று மலையூர்கள் இருந்தன. சிவப்பைப் பார்த்தால் ஐப்பசிக்குள் யாராவது கூரைக்குக் கீற்று அனுப்புவார்கள் என்று நினைத்தாள்.

கீற்று வரவில்லை, ஆணை வந்தது. சிவப்பு அனுப்பியவர் தலைநகருக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். போக நான்கு நாள், வர நான்கு நாள். கடை எட்டு நாள் பூட்டிக் கிடந்ததால் அடுத்த மாதமும் சிவப்பு. அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

பிறகு பச்சைக் கடைகளுக்கு இலக்கு இரட்டிப்பானது. எட்ட முடியாதவர்கள் சிவப்புத் துணியின் மேல் பச்சைச் சாயம் பூசி அனுப்பத் தொடங்கினார்கள். வட்ட அதிகாரியே சாயப் பானையோடு சிலம்பாயியிடம் வந்தார்.

"ஒரு தடவு தடவிக் குடு தாயி. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"பச்சையப் பாத்தா கூரை அனுப்புவாங்களாய்யா?"

அவர் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாடெங்கும் பூசப் பூசச் சாயம் தீர்ந்தது. உப்பு வண்டிகள் இனி முதலில் சாயம் ஏற்ற வேண்டும் என்று அடுத்த ஆணை. அத்தோடு உப்பு நின்றது. சுவர் மட்டும் செழித்தது.

சிலம்பாயி மூன்றாம் முறை விளக்கம் சொல்லப் போனபோது மன்னர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் வைத்தவர் முகம் சுளித்தார்.

"சுவரு பச்சையாத்தானே இருக்கு? அப்புறம் குழம்பு ஏன்யா சப்புன்னு இருக்கு?"

"நாக்கு என்பது ஒரு தனிநபரின் கருத்து, மன்னா," என்றார் தொகையார். "சுவர்தான் ஒட்டுமொத்த நிலை."

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தத் துணியக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க சாமி," என்றாள்.

முதல் அடுக்குக்குக் கீழே பார்க்கிற வழக்கம் அரசர்களுக்கு இல்லை என்று அமைச்சர் பதறினார். மன்னர் அதற்குள் எழுந்துவிட்டார். பெரிய துணிக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பச்சை, கடைசி வரிசையில் ஒரே ஒரு சிவப்பு. அது சிலம்பாயியுடையது.

"கண்டுபிடித்துவிட்டோம்," என்றார் தொகையார். "நாட்டின் குழம்பைக் கெடுத்தது இந்த ஒரு கடைதான்."

குழம்புக் கையோடு மன்னர் பிடித்திருந்த பக்கத்துத் துணியில் சாயம் கரைந்து சிவப்பு தெரிந்தது. அடுத்ததைத் தேய்த்தார், அதுவும் சிவப்பு. வரிசை முழுக்கத் தேய்த்து முடித்தபோது அவருடைய இரண்டு கைகளும் பச்சையாயிருந்தன.

அன்றைக்கே கீற்று ஏற்றிய வண்டியும் உப்பு வண்டியும் கணவாய்க்குக் கிளம்பின. வேறென்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார்.

"சுவரத் தலைகீழாத் திருப்பிடுங்க சாமி. கடைத்துணி மேல இருக்கட்டும். உங்க ஆட்சி எப்படின்னு காட்டுற துணி ஒண்ணே ஒண்ணு கீழ, தெருப்பக்கமாத் தொங்கட்டும்."

"அதன் நிறத்தை யார் முடிவு செய்வது?" என்று தொகையார் சீறினார்.

"உப்பு வாங்குறவங்கதான். ஆளுக்கொரு துணி மாட்டட்டும், பாதிக்கு மேல எதுவோ அதான் நிறம்."

மன்னர் சிரித்து, சரி என்றுவிட்டார். மறுநாள் விடிந்ததும் துணி மாட்ட வந்த வரிசை கோட்டை வாசலைத் தாண்டி நின்றது. என்ன நிறம் மாட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த முறை அப்படியொரு வரிசையில் நீங்கள் நிற்கும்போது உங்கள் கையில் இருக்கும் துணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். குழம்பில் உப்பு அளவாக இருக்கட்டும். குறைந்தால் குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைகள் உங்கள் வீடு நிறைய இருக்கட்டும்.