மலையில் மூத்த தம்பி

அன்பு மகள் ரோகிணிக்கு,

ஒக்கூரிலிருந்து பெரியப்பா கோட்டைச்சாமி எழுதுவது. இங்கே மழை, மாடு, உன் பெரியம்மாவின் முழங்கால் மூன்றும் சுமார். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அய்யனார் அருளட்டும்.

நிற்க. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரத்துக்கு நேரம் திருத்துவது உன் உத்தியோகம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தச் சங்கதியை நீ உன் அப்பன் செம்மலைக்குப் போனில் விளக்கியிருக்க வேண்டாம். இரட்டையரில் நான் பத்து நிமிடம் முந்திப் பிறந்தவன். பங்காளிகளில் மூத்தவனுக்குத்தான் புரவியெடுப்பில் முதல் பரிவட்டம். இந்த வருஷம் முதல் அது என் முறை. மண்குதிரைகளைத் தோளில் தாங்கியவர்கள் உச்சி வெயிலில் நிற்க, பூசாரி பரிவட்டத் துணியை என் தலையருகே கொண்டுவரும் நேரத்தில் உன் அப்பன் குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணே, சத்த பொறுங்க. இப்ப நாந்தேன் மூத்தவன். நான் முப்பத்திரண்டு வருசம் ஊட்டியில இருந்தவன். ஒசரத்துல காலம் வெரசா ஓடுமாம். எம்மக சொல்லிருச்சு."

ஊர்த்தலைவரான அம்பலம் முத்தரசு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பனை ஏறுறவுகளுக்கெல்லாம் நம்மளவிட வயசு கூடவா?" என்று கேட்டார். உன் அப்பன் அசரவில்லை. "அதோட அண்ணன் பஸ் ஓட்டுனவுக. வேகமாப் போறவுகளுக்குக் காலம் மெதுவாப் போகும். அதுனால இன்னும் எளசாயிட்டாக" என்றான். மதுரை ரோட்டில் இருபத்தாறு வருஷம் நான் ஐம்பதைத் தாண்டி ஓட்டியதில்லை என்பது ஊரறிந்த உண்மை. அதைச் சொல்லி என்னை வைத பயணிகளில் ஒருவர்கூட அன்றைக்குச் சாட்சிக்கு வரவில்லை. குதிரை தூக்கியவர்கள் சத்தம் போடவே, அம்பலம் எங்கள் இருவரையும்விட நாலு வயது இளைய பங்காளி சோணைமுத்துவுக்குப் பரிவட்டம் கட்டிவிட்டார். அவன் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறான்.

இன்றோடு பதினோரு நாள். ஒரே வளவில் இருந்தும் பேச்சில்லை. முப்பத்திரண்டு வருஷம் எப்போது வருவான் என்று பார்த்திருந்தவன் நான். வந்தவன் இப்படிச் செய்துவிட்டான். இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டேன். ஊட்டியினால் அவனுக்கு எவ்வளவு வயது கூடியது, பஸ்ஸினால் எனக்கு எவ்வளவு குறைந்தது என்று ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. பத்து நிமிடத்தைத் தாண்டினால் விட்டுக்கொடுக்கிறேன். தாண்டாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் வாசிப்பேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் எப்போதும் ஒரே மாடியில் குடியிருங்கள்.

இப்படிக்கு,
பெரியப்பா கோட்டைச்சாமி

பி.கு: பயப்படாதே. கடிதத்தை ஒட்டப்போன சமயம் உன் அப்பன் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். நான்தான் தூக்கிக்கொண்டு சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கூட வந்தவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஃபாரத்தில் கேட்டிருந்தது. பதற்றத்தில் என்னைத் 'தம்பி' என்று எழுதிவிட்டேன். பதற்றம் மட்டும் காரணமில்லை. கட்டிலில் கிடந்தபடி உன் அப்பன் எட்டிப் பார்த்து, நர்ஸிடம் "அது தப்பும்மா. அவுக எங்க அண்ணன்" என்று அழுதான். நான் இல்லை என்றேன். அவன் ஆமாம் என்றான். "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று நர்ஸ் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்கு அனுப்ப வேண்டாம்.