டாட்காம் சித்தரின் ஞானத்திரை

டாட்காம் சித்தர் கடை விரித்த நாளிலிருந்து, புதிதாகத் தொழில் தொடங்குகிற யாருக்கும் சொந்த மூளை தேவைப்படவில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். பொழுது விடிந்தால் மாடிப்படி முழுக்க வரிசை. மெழுகுவத்தி விற்கப்போகிறவர், நாய்க்குச் சட்டை விற்கப்போகிறவர், இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தப்போகிற வாத்தியார் (ஆமாம், கணக்கு வாத்தியாரேதான்), எல்லாரும் கைகட்டி நின்றார்கள். எதற்கு? கடைக்கு ஒரு இணையப் பெயர் வாங்க!

"புள்ளிக்கு முன்னால இருக்கிறது உடம்பு. பின்னால இருக்கிற காம், நிழல். நடுவுல இருக்கிற புள்ளி இருக்கே, அதுதான் உயிர்!" என்பது சித்தரின் உபதேசம். இதைக் கேட்டுக் கண் கலங்கியவர்களில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரும் உண்டு.

முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஞானத்திரை என்று பெயர். மனதில் இருக்கும் பெயரை அதில் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே போனால் சித்தரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். என்ன பெயர் என்றுகூடக் கேட்கமாட்டார். "உன் பேரை வேற ஒரு கை பிடிச்சிருக்கு" என்பார். வெளியே வந்து போனில் தேடினால், காலையில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த பெயரை யாரோ வாங்கியிருப்பார்கள். மயிர்க்கூச்செறியும். பிடித்த கையை விடுவிக்க ஒரு பரிகாரம் உண்டு. அதற்கான காணிக்கையை வாசலில் உட்கார்ந்திருக்கும் சித்தரின் மச்சான் வாங்கிப் போட்டுக்கொள்வார். வாங்கிய கையோடு பெயர் விடுதலையாகிவிடும். அற்புதம்தானே?

இந்த அற்புதத்தில் பை தைக்கிற ஒருத்தியும் மாட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான துணிப்பைகள். இருந்த வேலையை விட்டுவிட்டுத் தைத்துக் குவித்திருந்தாள். கட்டிலுக்கடியில் பை, அலமாரிமேல் பை, குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பை. 'குட்டிச்சுமை' என்ற பெயரை எல்லாப் பையிலும் நூலால் தைத்தும் முடித்தாள். அதற்கப்புறம் ராசி பார்க்கலாமென்று ஞானத்திரையில் அதைத் தட்டினாள். பெயர் போயிற்று.

காணிக்கைக்குப் பணமில்லை. தையல் மெஷினை விற்றுவிடலாம் என்று புருஷனும் பெண்சாதியும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். பை விற்கப் பெயர் வேண்டும், பெயருக்காக மெஷினை விற்க வேண்டும், மெஷின் போனபின் பையை எதால் தைப்பது என்ற கேள்வி மட்டும் இருவருக்கும் வரவில்லை.

நாத்தனாருக்கு வந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பினால் சோறு இறங்காது அவளுக்கு.

"அண்ணி, மெஷின் எங்கயும் போகாது. இந்தப் பேருங்களைத் தேடிப் பாருங்க, ரெண்டும் காலியா இருக்கா?"

"மூட்டைப்பூச்சிமாளிகை... மூக்குச்சளிமாளிகை... சீ! காலியாத்தான் இருக்கு. இதையெல்லாம் யாரு வாங்குவா?"

"அதான் அண்ணி, யாரு வாங்குறாங்கன்னு பார்ப்போம். மூட்டைப்பூச்சியை மட்டும் அந்தத் திரையில தட்டுவோம். சளியை அதுல தட்டவே கூடாது."

மறுநாள் நாத்தனார் முன்னறையில் வரிசையில் நின்றவர்களிடம் போனைக் காட்டினாள். இரண்டு பெயருமே காலி. மூட்டைப்பூச்சியைத் தட்டினாள். உள்ளே போனவள் கதவைச் சாத்தவில்லை.

"உன் பேரை வேற ஒரு கை பிடிச்சிருக்கு" என்றார் சித்தர்.

"யாரோட கை சாமி?"

"போன பிறவியில உன் குடும்பம் பகைச்சுக்கிட்ட ஒரு ராஜாவோட கை. இந்தப் பேருக்காகவே தவம் கிடந்தவன்."

"மூட்டைப்பூச்சிமாளிகைக்கா சாமி?"

சித்தர் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

நாத்தனார் வெளியே வந்து எல்லார் முன்னாலும் மறுபடி தேடினாள். மூட்டைப்பூச்சியை யாரோ வாங்கியாயிற்று. சளி சீண்டுவாரில்லாமல் கிடந்தது.

"சளிக்குப் போன பிறவியில பகை கிடையாதோ என்னவோ" என்றார் மெழுகுவத்திக்காரர், பயபக்தியோடு.

"இருங்கண்ணே, ராஜாவையே கேப்போம்."

பெயரை வாங்கியவரின் விவரம் இணையத்திலேயே இருக்கும். அதை மறைத்து வைக்கத் தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்தில்தான் மச்சான் மிச்சம் பிடித்திருந்தார்! போன் நம்பர் பளிச்சென்று நின்றது. நாத்தனார் அழைத்தாள். மச்சானின் சட்டைப் பைக்குள் ஒரு வாத்து கத்தியது. அவர் அதை அமுக்கினார். அது இன்னும் உரக்கக் கத்தியது.

"அடப்பாவி! நாங்க தட்டத் தட்ட நீதான் வாங்கிப் போட்டியா?" என்று பாய்ந்தார் நாய்ச்சட்டைக்காரர்.

"நான் என்னங்க பண்றது? மாமாதான் தட்டினா உடனே என் பேருல வாங்குற மாதிரி கம்ப்யூட்டரை வெச்சுக் குடுத்தாரு. என்ன பேருன்னுகூட அது பாக்காது!"

ஞானம் அவ்வளவுதான். சித்தர் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். அங்கே கணக்கு வாத்தியார் நிற்பார் என்பதை எந்தப் புள்ளியும் அவருக்குச் சொல்லவில்லை. பிடித்த கைகளெல்லாம் எந்தப் பரிகாரமும் இல்லாமல் பெயர்களை விட்டன. குட்டிச்சுமை, பை தைத்தவளிடம் திரும்பியது. மூட்டைப்பூச்சிமாளிகையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மச்சானே வைத்துக்கொள்ளட்டும் என்று ஏகமனதாக விட்டுவிட்டார்கள்.

பைக்காரி படியில் நின்று அழுதாள். "மெஷினை வித்திருப்பேனே, பாவி நான்" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மெழுகுவத்திக்காரர் ஓடிவந்தார். "தங்கச்சி, இவரு போலின்னு ஆயிடுச்சு. நிஜமான டாட்காம் சித்தர் எங்க இருக்காருன்னு தெரியுமா?"

நாத்தனார் அண்ணியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பதிலை நாம் சொல்லுவோம். அண்ணே, அடுத்த சித்தரின் கதவைத் தட்டப் போகுமுன், உங்கள் தலையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால், முதலில் அவரைக் கேளுங்கள்.