சாரலில் காயாத நீல உடை

"நீலக்காரி தென்காசியிலதான் எங்கனயோ குடியிருக்காளாம்லே. நேத்து அருவியில வழுக்குன புள்ளையத் தூக்கி விட்டுட்டு இங்கிட்டுத்தான் பறந்து போனாளாம்."

குற்றாலத்திலிருந்து வந்த பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் யாரிடமோ சொன்னது. முன்சீட்டில் சுடலைராஜின் கையிலிருந்த டிக்கெட் வேர்வையில் ஊறிவிட்டது. நீலக்காரி அவன் மனைவி.

மதுரையிலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஜன்னலுக்கு ஜன்னல் கேமரா. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஓடி வந்தார்கள். இங்கேயும் தெரிந்துபோனால் அடுத்து எந்த ஊர்? இன்றைக்கே முடிவு கட்டிவிடுவதாகச் சபதம் செய்துகொண்டு இறங்கினான்.

வீட்டில் வேல்விழி ஒரு கையால் பீரோவைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அதனடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பெருக்கிய அதே இடம்.

"ஏட்டி, நேத்து எங்க போன?"

"மாவு அரைக்க."

"மொட்டை மாடி வழியாவா?"

"ரோட்டுல தண்ணி கெடக்குல்லா."

"வேலு!"

பீரோ தொப்பென்று இறங்கியது. "சும்மா இருக்க முடியலைங்க. குற்றாலத்துல சைரன் அடிச்சா இங்கன எனக்குக் கேக்குது. காலு தானா தரைய விட்டு எழும்புது."

"முகம் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"முகம் தெரியாமத்தான் போவேன். சத்தியம்."

சுடலைராஜுக்குச் சத்தியத்தைவிடச் சாரல்மேல் நம்பிக்கை அதிகம். ஆனி, ஆடியில் தென்காசியில் துவைத்த பனியனே வாரக்கணக்கில் காயாது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நீல உடையை முகமூடியோடு சேர்த்து வாளியில் அமுக்கினான். பிறகு உள்ளறைக் கொடியில் காயப்போட்டு, தினமும் ஆபீஸ் போகுமுன் ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்துவிட்டுப் போனான்.

"இன்னுமா காயல?" என்பாள் அவள்.

"சாரல்லா!" என்பான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒருநாள் மழை விட்டிருந்தது; பைக்கும் ரிப்பேர். மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ்ஸில் ஆபீஸ் போனான். சாயங்காலம் திரும்பினால், ஆணியில் மழைக்கோட்டு சொட்டச் சொட்டத் தொங்கியது.

"இது ஏன் நனைஞ்சிருக்கு?"

அவள் பதில் சொல்லுமுன் பக்கத்து வீட்டு மணிமுத்து அண்ணாச்சி போனை நீட்டியபடி ஓடிவந்தார். "தம்பி! ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டீங்களே!"

வீடியோவில், வெள்ளத்தில் போன வேனை ஒற்றைக் கையால் தூக்கிக் கரையில் வைத்தது ஓர் உருவம். தலையில் ஹெல்மெட். உடம்பில் மஞ்சள் மழைக்கோட்டு. முதுகில் கொட்டை எழுத்தில் 'சுடலைராஜ்'. ஆபீஸில் கோட்டு மாறிப்போகிறதென்று பெயின்டால் அவனே எழுதியது.

சுடலைராஜ் மனைவியைப் பார்த்தான்.

"முகம் தெரியலைல்லா?" என்றாள் அவள் மெதுவாக.

அண்ணாச்சி அவன் கையைப் பிடித்தார். "எங்க சினை மாடு கிணத்துல விழுந்துட்டு தம்பி. கயிறு போட்டும் எழும்பல, கத்திக்கிட்டுக் கெடக்கு. தெருவே உங்களுக்காகத்தான் நிக்கி. வாங்க, தூக்கி விடுங்க!"

"நானா?"

"அவுகளுக்கு ரொம்ப வெக்கம் அண்ணாச்சி. ஆள் பாத்தா தூக்க வராது," என்றாள் வேல்விழி. "நீங்க முன்னால போங்க. பின்னாலயே அனுப்பி வைக்கேன்."

அண்ணாச்சி ஓடினார். தெருவில் கைதட்டல் கேட்டது. மாடும் கத்தியது.

சுடலைராஜ் உள்ளறைக்குப் போய், கொடியிலிருந்த நீல உடையை எடுத்து மேசைமேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைச் சொருகினான்.